சொல்வோனும் சொல்லாததும்

ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்புவோன், அவ்வூர்ப் பிரதேச சபையின் ஆண்டறிக்கையைப் படித்து அதனை அறிந்துகொள்ள முடியாது. சந்தி மூலையிலுள்ள தேநீர்க்கடை வாங்கிலே அரைமணி நேரம் இருப்பானாயின் ஓரளவு அறிவான். முடிதிருத்தும் நிலையத்தில் தன் முறை வருமளவும் காத்திருப்பானாயின் இன்னும் நன்றாக அறிவான். ஆங்கே கதை சொல்வோர் உளர். அவர் சொல்லும் கதைகளில் ஊர் முழுவதும் உலா வரும். ஆயினும், அக்கதைகளைக் கேட்டு எழுந்து வருபவன் இரண்டு வினாக்களை மனத்திற் கொண்டே வருதல் வேண்டும். சொன்னவர் யார்? அவர் சொல்லாமல் விட்டது யாது? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

இத்தகைய வினாக்களுக்கு இடந்தரும் புனைகதைகளைத் திறனாய்வாளர் ஒரு தனி வகையாக வைத்து எண்ணுவர். அமெரிக்கத் திறனாய்வாளரான வெயின் பூத் என்பார், புனைகதையின் அணியியலைப் பற்றி 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்னும் தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தார். கதையைச் சொல்லும் பாத்திரத்தின் நோக்கும் அதனை ஆக்கிய ஆசிரியனின் நோக்கும் ஒன்றாய் இராது வேறுபடுமிடத்து, அக்கதைசொல்லி நம்பத்தகாதவன் ஆகின்றான். அவன் பொய்யன் என்பது இதன் கருத்தன்று. கண்டதைக் கண்டவாறே சொல்லி, கண்டதன் பொருளை மாத்திரம் உணராது நிற்பவனும் இவ்வகையினனே. அவன் சொல்லும் செய்தி மெய். அச்செய்திக்கு அவன் இடும் மதிப்பே பிழை.

தமிழ் மரபு

இது மேனாட்டார் கண்ட புதுமை என்று மயங்குதல் வேண்டா. எமது சங்க அகப்பாடல்களிற் புலவன் தன் வாயாற் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், பாணனும் பரத்தையும் பேசுவர். யார் யார் எவ்விடத்துப் பேசுதற்கு உரியர் என்பதைத் தொல்காப்பியர் வகுத்துச் சொன்னார். இவற்றைக் ‘கூற்று’ என்பது மரபு. கூற்று என்று சொன்ன அளவிலேயே, கேட்பதெல்லாம் ஒருவர் பக்கத்து நின்று சொல்லப்படுவது என்னும் எச்சரிக்கை கற்போனுக்குக் கிடைத்துவிடுகின்றது.

வெறியாட்டுத் துறையை எண்ணிப் பார்ப்போம். காதலால் மெலிந்த மகளைக் கண்ட தாய், காரணம் அறியாது வேலனை அழைக்கின்றாள். வேலன் கழங்கிட்டுப் பார்த்து, முருகன் அணங்கினான் என்று துணிந்து கூறுகின்றான். தாய் நம்புகின்றாள். தலைவிக்கும் தோழிக்கும் பாடலைக் கற்கும் எமக்கும் உண்மை தெரியும். வேலன் வஞ்சகன் அல்லன். தன் தொழிலை நம்பிச் செய்பவன். ஆயினும் அவன் சொல் நம்பத்தகாதது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நயம் தமிழிற் பயின்றிருந்தது.

எள்ளலும் அவ்வாறே. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் அழகுற விளங்குவதைப் புகழ்கின்றார். அதியமானுடையனவோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்று இரங்குவார் போலக் கூறுகின்றார். புறநானூற்றின் 95ஆம் பாடலில் வரும் இச்செய்தி பள்ளி மாணவரும் அறிந்ததே. சொல் புகழ்கின்றது, பொருள் இகழ்கின்றது. இவ்வேறுபாட்டை உணரும் செவியே எள்ளற் கதைகளைக் கற்பதற்கு வேண்டிய முதற் கருவியாகும்.

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கின்கண் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. எள்ளல் என்பதற்குத் தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதலும் என இருவகை காட்டுவர் உரையாளர். சிற்றூர்க் கதைகளில் இவ்விருவகை நகைக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. அதனை இனிக் காண்போம்.

முடிதிருத்தகத்துக் கதை

அமெரிக்க இலக்கியத்திற் சிற்றூர் வாழ்வை எள்ளி எழுதும் வழக்கு நெடுநாளையது. மார்க் ருவெயின், தன் நேர்மையிற் செருக்குற்ற ஓர் ஊர் ஒரு பணமூட்டையின் முன் நிலைகுலைந்த கதையை 1899இல் வெளியிட்டார். ஷேர்வூட் அண்டர்சனின் ‘வைன்ஸ்பேர்க், ஒகையோ’ 1919இலும், சிங்ளேயர் லூயிஸின் ‘மெயின் ஸ்றீற்’ 1920இலும் வெளிவந்தன. லூயிஸ் 1930இல் நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்க எழுத்தாளரானார். இவ்வரிசையில், அளவாற் சிறிதாயினும் ஆழத்தாற் குறையாத கதை ஒன்றுண்டு. றிங் லாட்னர் 1925இல் எழுதிய ‘முடிவெட்டு’ என்னும் பொருள்படும் சிறுகதையே அது. லாட்னர் மிச்சிக்கன் மாநிலத்து நைல்ஸ் என்னும் ஊரில் 1885இற் பிறந்து, விளையாட்டுச் செய்தியாளராகப் பெயர்பெற்று, 1933இல் மறைந்தவர். மக்கள் வாயிற் பயிலும் பேச்சைப் பிசகின்றிப் பிடிக்கும் செவி அவருக்கு வாய்த்திருந்தது.

கதை முழுவதும் முடிதிருத்துநர் ஒருவர், ஊருக்குப் புதிதாய் வந்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் பேசும் பேச்சேயாகும். ஜிம் கென்டல் என்றொருவன் இருந்தானாம். அவன் இருந்தவரை கடையிற் சிரிப்புக்குக் குறைவேயில்லையாம். இவ்வாறு தொடங்கி அவனுடைய வேடிக்கைகளை ஒவ்வொன்றாக அவர் அடுக்குகின்றார். புகையிரதத்திற் செல்லும்போது வழியிலுள்ள கடைப் பலகைகளிற் காணும் பெயர்களைக் குறித்துக்கொண்டு, முன்பின் அறியாத அம்மனிதருக்கு அவர் மனைவியைப் பற்றி ஐயம் எழுமாறு பெயரில்லாத அஞ்சலட்டை அனுப்புவது ஒரு வேடிக்கை. செலவுக்குப் பணங்கொடாத அவனுடைய சம்பளத்தை மனைவி நேரே பெற முயன்றாள் என்பதற்காக, அவளையும் பிள்ளைகளையும் சேர்க்கஸ் பார்க்க வருமாறு அழைத்து, வாயிலிற் காக்கவைத்து, தான் வாராதிருந்தது மற்றொரு வேடிக்கை. பிள்ளைகள் அழுதுநின்றதைக் கண்டு, ஊருக்குப் புதிதாய் வந்த வைத்தியரே பணங்கட்டி அவர்களை உள்ளே அனுப்பினார்.

ஜூலி என்னும் பெண் அவ்வைத்தியரை விரும்பினாள். ஜிம் அவளை வலிந்து பற்ற முயன்று தோற்றான். பின்னர் வைத்தியர் குரலிலே தொலைபேசியிற் பேசி அவளை இரவில் வரவழைத்து, கூட்டாளிகளோடு மறைந்திருந்து எள்ளி நகைத்தான். சிறுவயதில் மரத்தால் விழுந்து அறிவு மழுங்கிய போல் என்னும் இளைஞனும் அவன் கேலிக்கு இலக்கானான். அவ்விளைஞனிடம் அன்பு காட்டியோர் வைத்தியரும் ஜூலியும் மாத்திரமே. ஜூலிக்கு நேர்ந்ததை அறிந்த வைத்தியர், இவ்வாறு செய்பவன் வாழத் தகாதவன் என்று போலின் காது கேட்கச் சொல்லிவிடுகின்றார். சில நாளில் ஜிம் வாத்து வேட்டைக்குப் போலையும் அழைத்துச் செல்கின்றான். துப்பாக்கி வெடித்து ஜிம் இறக்கின்றான். மரண விசாரணை செய்பவரும் அவ்வைத்தியரே. விபத்து என்று தீர்ப்பாகின்றது. பழக்கமில்லாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது ஜிம்மின் மடமை என்று முடித்துவிட்டு, தலையை ஈரமாகச் சீவுவதா உலரச் சீவுவதா என்று முடிதிருத்துநர் வினவுகின்றார். கதை முடிந்துவிடுகின்றது.

ஈண்டு நாம் கவனிக்கத்தக்கன மூன்று. முதலாவது, முடிதிருத்துநர் எதனையும் மறைக்கவில்லை. நிகழ்ந்தவை அனைத்தும் அவர் வாயாலேயே வருகின்றன. இரண்டாவது, ஜிம்மின் மரணம் விபத்தன்று என்னும் ஐயம் எமக்கு எழுகின்றது, அவருக்கு எழவில்லை. மூன்றாவதே தலையாயது. கொடுமைகளைச் செய்தவன் ஒருவன். ஆயினும் சனிக்கிழமைதோறும் அக்கடையிற் கூடி அவற்றைக் கேட்டுச் சிரித்தோர் பலர். அச்சிரிப்பு இல்லையேல் ஜிம் இல்லை. லாட்னரின் எள்ளல் ஜிம்மைக் கடந்து கடைக்குச் செல்கின்றது. கடையைக் கடந்து ஊருக்குச் செல்கின்றது. முதற் பக்கங்களில் நாமும் சிறிது சிரித்துவிட்டோம் என்பதால் எம்மிடமும் வருகின்றது.

மல்குடியிற் சாய்ந்த சிலை

எமக்கு அண்மையிலும் இவ்வகைக் கதைசொல்லிகள் உளர். சென்னையிற் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயண் (1906–2001), மல்குடி என்னும் கற்பனை ஊரைப் படைத்தார். அவ்வூரிலே ‘பேச்சுக்காரர்’ என்று பெயர்பெற்ற ஒருவர் பல கதைகளைச் சொல்கின்றார். 1956இல் வெளிவந்த தொகுதிக்குப் பெயர் தந்த ‘லாலி வீதி’ என்னும் கதை அவர் சொன்னது.

இந்தியா சுதந்திரம் பெற்றதும் மல்குடி நகரசபைக்குத் தேசபக்தி பெருகுகின்றது. வீதிகளின் பெயர்கள் எல்லாம் மாற்றப்படுகின்றன. ஒரே தலைவரின் பெயரைப் பல இடங்களும் விரும்பிப் பெற்றமையால், கடிதங்கள் போய்ச் சேராமல் மக்கள் இடர்ப்படுகின்றனர். அடுத்து, சேர் பிரெட்றிக் லாலி என்னும் வெள்ளையரின் பெருஞ்சிலையை அகற்றத் தீர்மானமாகின்றது. அவர் கொடுங்கோலர் என்பதற்கு ஊரார் கதைகளை அடுக்குகின்றனர். அகற்றும் செலவோ பெரிது. அகற்றுபவரே சிலையை எடுத்துக்கொள்ளலாம் என்று சபைத் தலைவர் சொல்ல, பேச்சுக்காரர் வெடிவைத்து அதனைச் சாய்த்துத் தம் வீட்டுக்குக் கொண்டுவருகின்றார். தலையும் தோளும் வீட்டினுள்ளே. எஞ்சிய உடல் தெருவிலே. பின்னரே உண்மை வெளிப்படுகின்றது. கொடுமை செய்தவர் வேறொரு லாலியாம். சிலைக்குரியவரோ காட்டை வெட்டி அவ்வூரையே நிறுவி, வெள்ளத்தில் மக்களைக் காக்கச் சென்று உயிர்நீத்த நல்லவராம். சிலையை மீள நிறுவுமாறு கூக்குரல் எழுகின்றது. தேர்தலை எதிர்நோக்கிய சபைத் தலைவர் தம் பணத்தால் அவ்வீட்டை வாங்குகின்றார். சிலை கிடந்த ஒடுங்கிய தெரு லாலி வீதி ஆகின்றது.

சேர் ஆதர் லாலி என்பவர் 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராய் இருந்ததும், கோயம்புத்தூரில் இன்றும் லாலி ரோடு என்னும் இடம் உள்ளதும் இக்கதையைப் படிப்போர்க்கு மேலும் சுவை பயக்கும்.

பேச்சுக்காரரின் கதை நகைப்பூட்டுவது. ஆயினும், ஊதியம் பெற்றவர் யார் என்று கேட்டுப் பார்ப்போம். சிலையைச் சாய்த்த புகழும் அவருக்கே. அது கிடந்த வீட்டை விற்ற விலையும் அவருக்கே. முதலிற் கொடுங்கோலன், பின்னர்ப் புண்ணியவான் என்று ஒரே மனிதரைப் பற்றி ஊர் சொன்ன இரண்டு கதைகளையும் அவர் ஒரே மகிழ்ச்சியோடு எமக்குச் சொல்கின்றார். உண்மை யாது என்னும் கவலை அவருக்கு இல்லை. ஊரின் வரலாறு எத்துணை எளிதாக எழுதப்படுகின்றது என்பதை நாராயண் தாம் சொல்லாமல், அக்கவலையற்றவர் வாயாற் சொல்விக்கின்றார்.

புளியமரத்தடி

தமிழிலே இவ்வகைக்குச் சிறந்த சான்று சுந்தர ராமசாமியின் (1931–2005) ‘ஒரு புளியமரத்தின் கதை’ ஆகும். 1966இல் நூலாக வந்த இது நாவலேயாயினும், அதனுட் பல சிறுகதைகள் பொதிந்துள்ளன. நாகர்கோயிலை நினைவூட்டும் ஒரு நகரத்து நாற்சந்தியிலே பழைய புளியமரமொன்று நிற்கின்றது. அதன் பழங்கதையைச் சொல்பவர் தாமோதர ஆசான் என்னும் முதியவர். இளைஞர் கூட்டம் அவரைச் சூழ்ந்திருந்து கேட்கின்றது. மன்னர் காலத்திலே மரத்தைச் சூழ்ந்து குளமிருந்தது, அது தூர்க்கப்பட்டது என்று ஆசான் சொல்லும்போது, எது நிகழ்ந்தது, எது ஆசான் சேர்த்தது என்று பிரித்தறிதல் அரிது. கேட்போரும் பிரிக்க விரும்புவதில்லை.

பின்பகுதியில் ஆசான் இல்லை. வியாபாரிகளின் போட்டியும், நகரசபைத் தேர்தலும், பத்திரிகைக்காரரின் எழுத்தும் அவரிடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. காற்றாடித் தோப்பு அழிந்து பூங்கா எழுகின்றது. புளியமரமோ ஒருவர்க்கு வெட்டப்பட வேண்டிய இடையூறு. மற்றொருவர்க்கு மஞ்சளும் குங்குமமும் சாத்தப்பட வேண்டிய தெய்வம். இருதிறத்தாரும் மரத்தைப் பற்றிக் கதை சொல்கின்றனர். மரத்தின்மீது அன்பு எவர்க்கும் இல்லை. ஈற்றில் மரம் நஞ்சூட்டப்பட்டு மடிகின்றது. சந்திக்கு அதன் பெயர் மாத்திரம் எஞ்சுகின்றது. ஆசானின் கதைகள் முற்றும் நம்பத்தக்கன அல்ல. ஆயினும் அவற்றில் அம்மரத்துக்கு இடமிருந்தது. பின்வந்தோரின் கதைகளிலே கதைசொல்வோரின் நலத்துக்கன்றி வேறெதற்கும் இடமில்லை. நம்பத்தகாத கதைசொல்லிகளிலும் தரம் உண்டு என்பது இந்நூல் தரும் பாடமாகும்.

எம் மண்ணில்

இனி வன்னிக்கு வருவோம். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நடப்பட்டிருந்த கல்லை எம்மிற் பலர் கண்டுள்ளோம். கப்டன் வொன் ட்றிபேர்க் 1803 ஒக்ரோபர் 31ஆந் திகதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அக்கல் சொன்ன செய்தி. அதுவும் ஒரு கதைசொல்லியே. வென்றவன் பக்கத்துக் கதைசொல்லி. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான் என்பதை அது சொல்லவில்லை. ஆயினும் எம் முன்னோர் அக்கல்லைச் சரியாகப் படித்தனர். தோல்வியைச் சொல்ல நட்ட கல்லைத் தோற்றவனுக்கு மரியாதை செய்யும் இடமாக்கிக்கொண்டனர். வேலனின் கூற்றைத் தோழி கேட்டவாறே அவர்கள் கல்லின் கூற்றைக் கேட்டனர் எனலாம்.

பெயர் மாற்றக் கதைகளும் எமக்குப் புதியனவல்ல. மணலாறு 1980களில் வெலிஓயா ஆயிற்று. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. கிளிநொச்சியில் 2008ஆம் ஆண்டு இறுதியிற் சாய்க்கப்பட்ட பெரிய நீர்த்தாங்கி, போர் முடிந்தபின்னும் ஏ-9 வீதியோரம் நெடுங்காலம் கிடந்தது. பேருந்தில் வந்திறங்கிப் படம் பிடித்தோர் ஒரு கதையோடு சென்றனர். அதனருகே நாள்தோறும் நடந்து சென்றோர் வேறு கதையோடு வாழ்ந்தனர். மல்குடிச் சிலையைப் படிக்கும்போது எமக்கு முழுமையாகச் சிரிப்பு வாராமைக்கு இதுவே காரணமாகும்.

வன்னியைப் பாடிய புனைகதைகள் எம்மிடம் உள்ளன. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்தது. வன்னியிற் காரியாதிகாரியாகக் கடமையாற்றிய செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ 1977இல் வந்து, எளிய விவசாயிகளைச் சுரண்டியோரைத் தோலுரித்துக் காட்டிற்று. இவற்றிற் கதைசொல்லி நேர்மையானவர். அவர் சுட்டும் திசையில் நாம் நம்பிப் பார்க்கலாம். சுரண்டுபவனே எழுந்து, தான் ஊருக்குச் செய்த நன்மைகளைப் பெருமையோடு சொல்லிக்கொண்டு போக, அவன் சொல்லிலிருந்தே அவனை நாம் அறியுமாறு எழுதும் கதைகளுக்கும் இம்மண்ணிற் பொருள் உண்டு. போர்க்காலத்திற் பலமுறை இடம்பெயர்ந்த எம் மக்கள் உறுதிகளையும் பதிவேடுகளையும் படங்களையும் இழந்தனர். இன்று எமது ஊர்களின் வரலாறு பெரிதும் வாய்களிலேயே தங்கியுள்ளது. எனவே கேட்கும் கலை எமக்கு இலக்கிய நயம் மாத்திரமன்று. அது காணிக்கும் நீதிக்கும் இறந்தோரின் நினைவுக்கும் உரிய கருவியாகும்.

மாணவர்க்கும் எமக்கும்

இவ்வகைக் கதையைக் கற்கும் மாணவர் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. சொல்பவர் யாருக்குச் சொல்கின்றார்? சொல்வதால் அவர் பெறும் பயன் யாது? அவர் விரைந்து கடந்து செல்லும் இடம் எது? சிரிப்பு எழும்போது அதன் செலவைக் கொடுப்பவர் யார்? முடிதிருத்துநர் பிள்ளைகளின் அழுகையைக் கடந்து செல்லும் விரைவை நோக்கினால், இறுதி வினாவின் பயன் விளங்கும்.

இவ்வினாக்களைப் பிறர் கதைகளிடம் கேட்பது எளிது. யாம் அண்மையில் எம் கதையொன்றிடம் கேட்டுப் பார்த்தோம். பள்ளி நாள்களில் எம் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு யாம் ஒரு பட்டப்பெயர் இட்டோம். அவன் எழுந்து பாடம் வாசிக்கும்போது அவனைப் போலவே முணுமுணுத்து வகுப்பைச் சிரிக்க வைத்தோம். பழைய நண்பர் கூடுமிடமெல்லாம் இக்கதை சொல்லப்படும். அவனும் எம்மோடு சேர்ந்து சிரித்தான் என்றே ஒவ்வொரு முறையும் அதனை முடிப்போம். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டு வறுமையால் நின்றுவிட்டான் என்று எமக்குள் சொல்லிக்கொண்டோம். அவ்வாறு எமக்குச் சொன்னவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் எவரும் நினைவுக்கு வரவில்லை. அவன் சிரித்ததை யாம் கண்டோம். எள்ளப்பட்டு நகுவோன் நகையைப் பற்றி உரையாளர் எழுதியதை அன்று யாம் கற்றிருக்கவில்லை. லாட்னரின் கதையை முதன்முறை படித்து முடித்தபோது, அந்நாற்காலியின் பின்னால் நின்று கத்தரிக்கோல் பிடித்தவர்கள் யாமே என்று தெரிந்தது.

மலர் என்பது இனிய நினைவுகளுக்கு உரியது. இம்மலரிலும் நல்ல ஆசிரியர்களும் நல்ல நண்பர்களும் நிறைந்திருப்பர். அவர்கள் மெய்யாகவே நல்லவர்கள். ஆயினும், பின்வரிசையில் இருந்து பெயர் தெரியாமற் போனவனும் இக்கல்லூரியின் பிள்ளையே. அவன் கதையை அவன் வாயாற் சொல்ல வாய்ப்பிருந்தால், எம் கதைகளிற் சில வேறுவிதமாய் முடியும். எமது போருக்குப் பின்னைய ஊர்களிலே கால் இழந்தோரும் கண் இழந்தோரும் மனம் கலங்கியோரும் சந்திகளில் நடமாடுகின்றனர். அவர்க்குப் பட்டப்பெயர் இடும் வாய்களும் உள்ளன. இளைய மாணவர் அச்சிரிப்பு எழுமிடத்துச் சற்றே வாய் மூடி, யார் சொல்கின்றார், யார் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.